நூல் என்பது ஓர் அளவு

நூலகங்களில் இலக்கிய அடுக்கிலிருந்து வெகு தொலைவில் வைக்கப்படும் ஒரு வகை நூல் உண்டு. அதில் ஆசிரியர் பெயர் இராது. அணிந்துரையும் காணிக்கையும் இரா. உவமை, உருவகம் எதுவும் கிடையாது. தொடக்கம் முதல் இறுதிவரை ஏவலும் வியங்கோளுமே நிரம்பியிருக்கும்: கழற்றுக, துடைக்க, அளக்க, பூட்டுக. வாகனங்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டைத்தான் சொல்கிறோம். பட்டறைகளில் அதை 'சர்வீஸ் மேனுவல்' என்பார்கள். கடந்த ஆறு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் மிகுதியாகப் புரட்டப்பட்ட நூல் அதுவே. அலமாரியில் இளம்பூரணத்துக்கும் சேனாவரையத்துக்கும் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம். வேடிக்கைக்காக அல்ல. அந்த இடம் அதற்கு உரியது என்றே கருதுகிறோம்.

'நாங்கள்' என்பது இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர். இருப்பது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கல்லூரி ஒரு திசையில், பள்ளி இன்னொரு திசையில், மாதம் இருமுறை தாயாரை அழைத்துச் செல்லவேண்டிய மருத்துவமனை சேலத்தில். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரை வாங்கினோம். சிறிய காரும் அல்ல, பெரியதும் அல்ல. 1500 சிசி பெட்ரோல் என்ஜின், பின்னால் டிக்கி, முழங்கால் வலியுள்ள ஒருவர் கால் நீட்டி உட்காருமளவு இடம். காருடன் கையேடு வரவில்லை. அது சில மாதங்கள் கழித்து, கோவை உக்கடத்தின் பழைய புத்தகக் கடையொன்றில், பொறியியல் நுழைவுத் தேர்வு வினாத்தாள்களுக்கு அடியில் கிடைத்தது. தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேல், முழுக்க ஆங்கிலம். எங்கள் காரின் அதே மாதிரிக்கு உரியது. எடைக்குப் போடவிருந்ததை விலைக்கு வாங்கி வந்தோம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தப் புத்தகம் அயலாகத் தோன்றாது. முதல் பிரிவு பொதுச்செய்தி: வாகனத்தின் அடையாள எண் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது, ஜாக்கி எந்த இடங்களில் வைக்கத் தகும், அளவுகள் எந்த முறையில் தரப்படுகின்றன. இது பாயிரம். பின்னர் என்ஜின், எரிபொருள், கிளட்ச், பிரேக், மின்சாரம் என இயல்கள். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் 'இன்ன பக்கத்தில் காண்க' என்று நகர்ந்துவிடும். நன்னூலார் உத்திகளுள் அடக்கிய 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' இரண்டும் அங்கே நாள்தோறும் உழைக்கின்றன. குறிப்பு, கவனம், எச்சரிக்கை என்ற மூன்று சொற்களுக்கும் தனித்தனிப் பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. குறிப்பு என்றால் வேலையை எளிதாக்குவது. கவனம் என்றால் தவறினால் வண்டிக்குக் கேடு. எச்சரிக்கை என்றால் தவறினால் மனிதருக்குக் கேடு. நாம் உரைநடையில் இம்மூன்றையும் மனம்போனபடி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அங்கே அது இயலாது.

ஏறத்தாழ எல்லா வேலைகளின் முடிவிலும் ஒரே வாக்கியம் வருகிறது: கழற்றிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் பூட்டுக. முதலில் கழற்றியது இறுதியில் ஏறும். இறுதியில் கழற்றியது முதலில் ஏறும். பொருள்கோள் கற்பிக்கும் வகுப்பில் எதிர்நிரனிறைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வதுண்டு. பட்டறை பார்த்த மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பாடலில் நிரல் பிறழ்ந்தால் பொருள் பிறழும். காரில் நிரல் பிறழ்ந்தால் கையில் ஒரு வாசர் மிஞ்சும்.

நன்னூல் தன் பாயிரத்தில் நூல் என்ற சொல்லுக்கே விளக்கம் சொல்கிறது. தச்சர் மரத்தின் கோணலைக் கண்டறிந்து நீக்க நூல் பிடித்துப் பார்ப்பதுபோல, மனத்தின் கோணலை நீக்குவது நூல் என்பது அதன் கருத்து. இருபது ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருகிறோம். ஆனால் ஒரு நூல் உண்மையிலேயே கயிறுபோலப் பிடித்துப் பார்க்கப்படுவதைக் கண்டது பட்டறையில்தான்.

எங்கள் ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில் அந்தப் பட்டறை இருக்கிறது. நாமக்கல் லாரிக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பெயர்போன ஊர். அந்தத் தொழிலில் பையனாகச் சேர்ந்து, பின்னர் கார் வேலைக்கு மாறியவர் பட்டறைக்காரர். ஊர் அவரை 'பாய்' என்றழைக்கும்; நாங்களும் அப்படியே. அறுபதை நெருங்கும் வயது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. முதல்முறை கையேட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, வண்டிக்கு அடியிலிருந்தபடியே பார்த்துவிட்டு, "என்னங்க சார், பரிட்சைக்கா?" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாகங்களைப் பிரித்துப் பரப்பிக் காட்டும் அந்தக் கோட்டோவியங்களை அவர் எங்களைவிட விரைவாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இதுல என்ன நம்பர் போட்டிருக்கான்?" என்று கேட்டார். அது ஒரு போல்ட்டுக்குரிய முறுக்கின் அளவு. அன்று தொடங்கியது எங்கள் கூட்டு வாசிப்பு. நாங்கள் வரியை வாசித்துத் தமிழில் சொல்வோம், அவர் செய்வார். செய்ய முடியாத இடத்தில் நிறுத்தி, ஏன் முடியாது என்று சொல்வார். உரையாசிரியர்கள் காலத்தில் பாடம் சொன்ன முறை இதற்கு மிகவும் வேறுபட்டிராது.

அவருடைய அளவுமொழியில்தான் அந்தச் சொல்லை மறுபடியும் கேட்டோம். "பேட் இன்னும் ரெண்டு நூல் இருக்கு சார், ஓடும்." தச்சர்களும் கொல்லர்களும் லாரி பாடி கட்டுபவர்களும் புழங்கும் நூல் அது. எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முன் சக்கர பிரேக் பேடின் உராய்வுப் பகுதி 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும் என்கிறது எங்கள் கையேடு. அரை நூலுக்கு மேல், முக்கால் நூலுக்குக் கீழ் என்று பாய்க்குச் சொன்னோம். தலையசைத்தார். அவர் கண்ணளவில் இதுவரை மாற்றிவந்ததும் ஏறத்தாழ அங்கேதான். புத்தகமும் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்ட நிமிடம் அது.

எல்லா இடத்திலும் அப்படி ஒத்துப்போகவில்லை. இறுக்குவதற்குப் பட்டறையில் கை டைட், ஃபுல் டைட் என்ற அளவுகள் உண்டு. சக்கர நட்டுக்கு எங்கள் கையேடு கேட்பது 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. இயற்பியல் ஆசிரியர் இதைப் பாய்க்கு விளக்கிய விதம் எளியது: 33 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் முனையில் ஏறத்தாழ 30 கிலோ தொங்கினால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவு. பையன்கள் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டி, அதன்மேல் ஏறி மிதிக்கும்போது உண்டாவது இதைப் போல் பல மடங்கு. இறுக்கும்போது போல்ட் ஒரு கம்பிச்சுருள்போல மிக நுட்பமாக நீள்கிறது. அது திரும்பச் சுருங்க முயலும் இழுப்புதான் பாகங்களைப் பிடித்து நிறுத்துகிறது. அளவுக்கு மீறி நீட்டினால் அந்த இழுவைத் தன்மை அழிந்துவிடும். இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும் போல்ட் உள்ளே சோர்ந்திருக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முறுக்குவதற்குச் செலவாகும் முயற்சியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வைக் கடக்கவே போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்குக்கு இழுப்பு வெகுவாகக் கூடிவிடும். அதனால்தான் சில இடங்களில் 'எண்ணெய் தடவி' என்றும், சில இடங்களில் 'உலர்ந்த நிலையில்' என்றும் கையேடு ஒற்றை அடை போடுகிறது. செய்யுளில் ஓர் அடைமொழி இல்லாவிட்டால் அழகு குறையும் என்று கற்பிக்கிறோம். இங்கே அடைமொழி விடுபட்டால் எண் பொய்யாகிவிடும்.

நாங்கள் இவ்வளவு விரிவாகப் பேசுவதற்கு உண்மையான காரணம் பிரேக் ஆயில். அதைப் பற்றித்தான் பாய்க்கும் கையேட்டுக்கும் முதல் பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுக என்றது கையேடு. "குறைஞ்சா ஊத்துவோங்க. நல்லா இருக்கிற ஆயிலை எதுக்குக் கொட்டணும்? முப்பது வருசமா அப்படித்தான்" என்றார் பாய். அவர் சொன்னதில் சோம்பல் இல்லை. ஒரு சிக்கனமும் ஓர் அனுபவமும் இருந்தன. என்ஜின் ஆயில் கறுக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் ஆயில் கெடுவது அவ்வளவு எளிதில் தெரியாது. வழக்கமான பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 3 என்ற தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆனால் 230, 155.

இயற்பியல் ஆசிரியர் சொன்னார்: திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் கால் அழுத்தியது சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. திரவம் கொதித்து ஆவியானால் ஆவியை அமுக்கலாம். கால் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. பாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மலையிறங்கறப்போ பிரேக் பொசுக்குனு உள்ள போயிடுச்சுனு சொல்லி வண்டி வரும். இங்க வந்து மிதிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கும். டிரைவர் பொய் சொல்றான்னு நினைப்போம் டீச்சர்" என்றார். ஆறிய பின் ஆவி மறுபடி திரவமாகிவிடும்; சான்று மறைந்துவிடும். முப்பது ஆண்டு அனுபவத்தின் கண்ணுக்குத் தப்பிய ஒன்று அந்த ஒற்றை வரியில் இருந்தது.

அன்று மாற்றினோம். பட்டறையில் இந்த வேலைக்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, பாய் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து, ஒளி ஊடுருவும் குழாய் வழியாகப் பழையதைப் புட்டியில் வடித்தார். அவர் மூடிய பிறகுதான் பையன் காலை எடுக்கவேண்டும். முன்னால் எடுத்தால் காற்று உள்ளே போகும். எங்கள் காருக்கு வரிசை: பின் வலம், முன் இடம், பின் இடம், முன் வலம். மூலைக்கு மூலையாக இரு தனிப் பாதைகள் அமைந்த பிரேக் என்பதால் அந்த வரிசை. தேநீர் நிறத்தில் வடிந்தது, பின்னர் மெல்ல வெளுத்துத் தெளிந்தது. அந்தச் சிறு திருகுக்குரிய முறுக்கு சக்கர நட்டுக்குரியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எல்லாவற்றுக்கும் 'ஃபுல் டைட்' என்ற கைக்கு அங்கே வேலையில்லை.

அடுத்த மாதம் தாயாரின் நெடுநாள் விருப்பப்படி கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். அந்த மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே என்ஜினைத் தடையாக வைத்து, பிரேக்கை அளவாகப் பயன்படுத்தி வந்தோம். பின்னிருக்கையில் தாயார் உறங்கிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பராமரிப்பு என்ற வேலையின் முழு வெற்றியும் அந்த இரண்டு சொற்கள்தான். நடக்காத விபத்துக்குச் சாட்சி இல்லை. யாரும் நன்றி சொல்லப்போவதும் இல்லை. பழைய திரவத்துடனேயே இறங்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திராமல் இருக்கலாம். ஆனால் அடிவாரத்தை அடைந்தபோது கால் கடைசி வளைவிலும் முதல் வளைவின் உறுதியையே உணர்ந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இதைப் படித்துவிட்டு, அனுபவத்தைப் புத்தகம் வென்றது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. கையேட்டுக்குத் தெரியாதவை ஏராளம். அது எழுதப்பட்டபோது வண்டி புதிது. துரு என்ற ஒன்று அதன் உலகத்திலேயே இல்லை. 'போல்ட்டைக் கழற்றுக' என்று இரண்டு சொற்களில் கடந்துவிடுகிறது. பதினைந்து மழைக்காலம் கண்ட போல்ட் அதற்குக் கீழ்ப்படியாது. பாய் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைப்பார். தலையில் மெல்லத் தட்டுவார். பிறகு தளர்த்தும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைப்பார். பிடித்திருந்த துரு அந்த அசைவில் உடையும், அதன்பின் தளர்த்துவார். இந்த அறிவு எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒருமுறை முன்பக்கத்திலிருந்து வந்த ஓர் இரைச்சலுக்குக் கையேட்டின் பட்டியல் ஐந்து காரணங்களைச் சொல்லிற்று. பாய் நீண்ட திருப்புளியின் நுனியைப் பாகங்களில் ஒவ்வொன்றாக ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்றாவது இடத்தில், "இது தண்ணிப் பம்பு பேரிங்" என்றார். கழற்றிப் பார்த்தோம், அதுவே.

இன்னும் ஒன்று. கையேடு பல இடங்களில் 'சிறப்புக் கருவி எண் இன்னது கொண்டு' என்கிறது. அந்தக் கருவி நிறுவனத்தின் சொந்தப் பணிமனைகளில் மட்டும் இருக்கும். பாய் பழைய குழாய்த் துண்டையும் இரண்டு நட்டையும் பற்றவைத்து அதற்கு ஈடான ஒன்றைச் செய்துவிடுவார். அதாவது, அந்த நூல் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதில் பாயும் இல்லை, நாங்களும் இல்லை. முன்பே பயிற்சி பெற்றவருக்கான சூத்திரம் அது. உரை இல்லாத மூலம்.

உரை எழுதப்பட்ட கதையும் உலகில் நடந்திருக்கிறது. ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் விமானப் படையில் ஏடனில் பணியாற்றியபோது, நண்பர் வாங்கிய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துக் கட்ட நேர்ந்தது. நிறுவனத்தின் கையேடு சாதாரண மனிதருக்கு உதவாது என்று கண்டு, பிரிக்கும் ஒவ்வொரு படியையும் ஒளிப்படம் எடுத்தார். 1966இல் அது நூலாக வந்தது. வண்டியை உண்மையிலேயே முழுவதும் பிரித்து மறுபடி கட்டி, அதைக்கொண்டு எழுதுவது என்ற முறையில் அவருடைய பதிப்பகம் நூற்றுக்கணக்கான கார்களுக்குக் கையேடுகள் வெளியிட்டது. செய்து பார்த்தவர் எழுதியதால், 'இந்த இடத்தில் கை நுழையாது' என்பதும் அவற்றில் இருக்கும். ஹெய்ன்ஸ் 2019இல் மறைந்தார். புதிய கார்களுக்கு இனி அச்சுக் கையேடு வெளியிடுவதில்லை என்று 2020 இறுதியில் அப்பதிப்பகம் அறிவித்தது.

அச்சு நின்றது காகித விலையால் மட்டும் அல்ல. கார் என்ற பொருளே மாறிவிட்டது. இன்று பல கார்களில் கை பிரேக் மின்சாரத்தில் இயங்குகிறது. பின் சக்கர பேடை மாற்ற வேண்டுமானால் முதலில் கணினிக் கருவியை மாட்டி, பராமரிப்பு நிலைக்குப் போகும்படி வண்டிக்குக் கட்டளையிட வேண்டும். பாயின் திருப்புளிக்கும் காதுக்கும் அங்கே கதவு சாத்தியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு விற்பனையான வண்டிகள் பட்டறைக்கு வந்தால் அவர் முகத்தில் ஒரு தயக்கத்தைப் பார்க்கிறோம். பழுதுபார்க்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் கார்களுக்காகவே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வாகனங்களும் அடங்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் திறந்து கொடுக்கப்படும் அறிவு எந்த மொழியில் இருக்கும் என்பதை யாரும் பேசக் காணோம். பாய்க்குப் பூட்டு இரண்டு: ஒன்று நிறுவனம் போட்டது; மற்றது மொழி போட்டது. இரண்டாவதை எடுப்பது தமிழ் கற்பிப்பவர்களின் வேலை அல்லவா?

அந்த எண்ணத்தில்தான் சென்ற கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினோம். ஐந்து வேலைகள் மட்டும்: என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், முன் பேட், பிளக், கூலன்ட். எழுதும்போது மொழியைப் பற்றிப் புதிதாகக் கற்றவை சில. தமிழ் உரைநடைக்கு வினையெச்சத்தில் மோகம் உண்டு. 'கழற்றித் துடைத்து அளந்து பூட்டுக' என்று நான்கு செயலை ஒரே முற்றில் முடித்துவிடுவோம். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அது உதவாது. ஒரு செயலுக்கு ஒரு முற்று என்று வைத்தோம். இன்னொரு பக்கம், 'ஆயிலை வடித்தபின் ஃபில்டரைக் கழற்றுக' என்னும்போது தமிழ் தானாகவே செயலின் வரிசையில் சொற்களை நிறுத்துகிறது. ஆனால் எதிர்மறையில் ஓர் இடர். 'என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே' என்ற வாக்கியத்தில் தடை இறுதி அசையில்தான் வருகிறது. உரக்க வாசிக்கும்போது அதற்குள் பையனின் கை மூடிக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வேலையின் தலைப்பிலும் 'தொடாதே' என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, தொடக் கூடாதவற்றை அங்கே எழுதினோம்.

சொற்களைப் பற்றியும் பேசிப் பேசி முடிவெடுத்தோம். பாடநூல் 'திருப்பு விசை' என்கிறது. பட்டறை 'டைட்' என்கிறது. 'டைட் அளவு' என்றே எழுதினோம். மரை, நூல், கழற்று, பூட்டு, வடி, தளர்த்து ஆகியவை ஏற்கெனவே பட்டறையில் உயிரோடு இருந்தன. அவற்றை நாங்கள் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. பிரேக் திரவத்தின் தரப்பெயரில் மட்டும் எச்சரிக்கையாக ஒரு குறிப்பு எழுதினோம். டாட் 5 என்பது சிலிக்கோன். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் அதன் உடன்பிறப்புப் போலத் தோன்றினாலும், இயல்பில் 3, 4 ஆகியவற்றின் இனம். நன்னூலார் நூற்குற்றம் பத்தில் 'மயங்க வைத்தல்' என்று ஒன்றைச் சொல்கிறார். அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நாங்கள் கண்டதில்லை.

நோட்டுப் புத்தகம் இப்போது பட்டறையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையன் அதை ஓரளவு வேகமாகவே வாசிக்கிறான். துருவைப் பற்றிப் பாய் சொல்லச்சொல்ல நான்கு பக்கம் சேர்த்திருக்கிறோம். அவை எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இல்லாத பக்கங்கள். ஓர் இடத்தில் பையன் பென்சிலால் எங்கள் வாக்கியத்தை அடித்துவிட்டு, தன் சொல்லில் சுருக்கமாக எழுதியிருக்கிறான். அடித்தது சரிதானா என்று பாய் கேட்டார். அதைப் பார்த்துச் செய்தால் வேலை முடிகிறதா என்று திருப்பிக் கேட்டோம். முடிகிறது என்றார்.

கார் என்றைக்காவது ஓடாமல் போகும். அந்த மாதிரிக்கான பாகங்களும் கிடைக்காமல் போகும். அந்தத் தொள்ளாயிரம் பக்கம் அன்று மறுபடியும் எடைக்குத்தான் போகும். நோட்டுப் புத்தகமும் வேறு வண்டிக்கு அப்படியே பொருந்தாது. எண்களை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிக்கொள்ளட்டும். அளவைப் பார்த்தபின் இறுக்குவது என்ற பழக்கம் ஒரு கையில் படிந்துவிட்டால் போதும். தச்சரின் நூலும் வேலை முடிந்ததும் சுருட்டி வைக்கப்படுவதுதான். நிமிர்ந்த மரம் மட்டும் வீட்டில் நிற்கிறது.